எழுதியவர் பெயரை முன்திரையில் போடுங்கள்: பாட்டுச் செயலிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பாட்டுச் செயலிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் திரையை வடிவமைக்கிறவர்களுக்கும், பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

என் மேசைமேல் ஒரு பழைய இசைத்தட்டு இருக்கிறது. பத்து அங்குல அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூன்று டாலருக்கு வாங்கினேன். ஓரம் ஓரிடத்தில் சில்லுப் பெயர்ந்திருக்கிறது. நடுவில் ஒட்டிய வட்டத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. கறுப்புத் தாள், வெள்ளி எழுத்து, மேலே கேப்பிட்டல் நிறுவனத்தின் குவிமாடப் படம். தலைப்பு 'அக்செஞ்சுவேட் த பாசிட்டிவ்'. தலைப்பை ஒட்டி, பொடி எழுத்தில், பாட்டை எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும்: ஜானி மெர்சர், ஹரால்ட் ஆர்லன். பாடியவர் பெயர் அதன் பிறகு. பாடியவரும் அதே ஜானி மெர்சர்தான்.

அந்த வட்டத் தாளைவிட என் கைபேசித் திரை பெரியது. அதே பாட்டைச் செயலியில் போட்டுப் பார்த்தேன். அட்டைப்படம், தலைப்பு, பாடியவர் பெயர், நேரம் நகரும் கோடு, அவ்வளவுதான். எழுதியவர் பெயரைப் பார்க்க வேண்டுமானால் மூன்று புள்ளியைத் தட்டி, திறக்கும் பட்டியலில் கீழே இறங்கி, அங்கே ஒரு வரியைத் தேடித் தட்ட வேண்டும். ஆண்டு என்று போட்டிருப்பதும் மறுவெளியீடு செய்த ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பதிவான குரல், நேற்றுப் பிறந்ததுபோல நிற்கிறது.

எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டில் இருந்த இடம் இன்றைக்கு எங்கே போயிற்று? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பொதுவாகக் கேட்டால் காற்றோடு போய்விடும் என்பதால், ஒரே ஒரு மனிதரை முன்னால் நிறுத்திக் கேட்கிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் வானொலிதான் எல்லாம். பாட்டு தொடங்குமுன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்குக்கூட எந்தப் பாட்டு யார் எழுதியது என்று தெரியும். 'கண்ணதாசன் பாட்டு' என்று எழுதியவர் பெயரால் பாட்டைச் சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறது. அந்தக் காதோடு அமெரிக்காவுக்கு வந்தவன் நான். வந்த புதிதில், கடையில், காரில், விமான நிலையத்தில் காதில் விழுந்து பிடித்துப்போன பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். 'மூன் ரிவர்', 'ஆட்டம் லீவ்ஸ்', 'சம்மர் விண்ட்', 'ஒன் ஃபார் மை பேபி', 'ஸ்கைலார்க்', 'தட் ஓல்ட் பிளாக் மேஜிக்'. ஒன்று ஆண்டி வில்லியம்ஸ் என்றது திரை, இன்னொன்று சினாட்ரா என்றது, மற்றொன்று நாட் கிங் கோல். பாடியவர்கள் வேறு வேறு, மெட்டமைத்தவர்களும் வேறு வேறு. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் சொல் கொடுத்தவர் ஒரே ஆள், அதே ஜானி மெர்சர், என்பது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு நூலகத்தில்தான் தெரிந்தது, செயலியில் இல்லை.

ஜான் ஹெர்ண்டன் மெர்சர், 1909 நவம்பர் 18ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர், நிலம், வீடு, முதலீடு என்று தொழில் நடத்தியவர். வசதியான வெள்ளைக் குடும்பம். ஆனால் பையனின் காது வளர்ந்தது வேறிடத்தில். வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்களின் பாட்டும், கறுப்பினத் தேவாலயங்களிலிருந்து வந்த பாட்டும், அந்தக் கடற்கரைப் பகுதியின் 'கல்லா' என்ற கறுப்பின மக்கள் பேசும் இழுவையும்தான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம். மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகிகளின் இசைத்தட்டுகளைத் தேடிப் போய்க் கேட்ட பையன் அவர். பின்னாளில் அவர் குரலிலும் சொல்லிலும் தெரிந்த சாய்வெல்லாம் அங்கிருந்து வந்தது. இதை அவரே மறைத்ததில்லை. என் மேசைமேல் இருக்கும் அந்தப் பாட்டின் மூலச் சொல்லும் ஒரு பிரசங்கத்திலிருந்து வந்ததுதான்: நல்லதை அழுத்திச் சொல், கெட்டதைத் தள்ளிவிடு என்று ஃபாதர் டிவைன் என்ற கறுப்பினப் போதகர் சொல்லிவந்த வாக்கு. பாட்டு ஒரு ஆளின் தலைக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்காகவே, எங்கிருந்து எது வந்தது என்ற கணக்கைத் தொலைக்கக் கூடாது என்கிறேன்.

1927இல் அப்பாவின் நிறுவனம் விழுந்தது. கடன் பத்து லட்சம் டாலருக்கும் மேல். மகனுக்குக் கல்லூரிப் பேச்சு அதோடு முடிந்தது. 1928இல் நியூயார்க்குக்குப் போனார், நடிகனாகும் ஆசையில். 1930இல் 'கேரிக் கெயிட்டீஸ்' என்ற மேடை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்க் கேட்டபோது, நடிகர்கள் போதும், பாட்டுதான் வேண்டும் என்றார்கள். ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஆட வந்த ஜிஞ்சர் மீஹானை அடுத்த வருடம் மணந்தார். 1932இல் பால் வைட்மேன் இசைக்குழு நடத்திய இளம் பாடகர் போட்டியில் பாடி அந்தக் குழுவுக்குள் நுழைந்தார். 1933இல் ஹோகி கார்மைக்கேல் மெட்டுக்கு எழுதிய 'லேசிபோன்ஸ்' நாடு முழுக்க ஒலித்தது. வெயிலில் படுத்துக் கிடக்கும் ஒரு சோம்பேறியைச் செல்லமாகத் திட்டும் பாட்டு. தெற்கத்திப் பேச்சுமொழி அப்படியே இருக்கும். வெளியூர்க்காரர்கள் வேடம் போட்டு எழுதிக்கொண்டிருந்த தெற்கத்திப் பாட்டை, அந்த மண்ணில் பிறந்த ஒருவர் தன் வாய்ச்சொல்லில் எழுதினார்.

அதன்பின் ஹாலிவுட். ரிச்சர்ட் வைட்டிங், ஹாரி வாரன், ஹரால்ட் ஆர்லன், கார்மைக்கேல், ஜெரோம் கெர்ன், பிறகு ஹென்றி மான்சினி என்று அந்தக் காலத்துப் பெரிய மெட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேரோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆஸ்கர் நான்கு முறை: 1946, 1951, 1961, 1962 ஆகிய வருடங்களின் படங்களுக்கு. விருதுக் கணக்கைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஆசையில்லை. பாட்டுக்குள் போகலாம்.

'ஒன் ஃபார் மை பேபி' 1943இல் ஒரு படத்துக்காக ஆர்லன் மெட்டில் எழுதியது. திரையில் பாடியவர் ஃபிரெட் அஸ்டெய்ர். மணி மூன்றடிக்கக் கால் மணி இருக்கிறது. மதுக்கடையில் இரண்டே பேர், ஊற்றிக் கொடுப்பவரும் குடிக்கிறவனும். ஒரு கதை சொல்லணும், கேளுப்பா என்று தொடங்குகிறான். ஊற்றிக் கொடு, காசு போட்டு ஒரு பாட்டு வை, நான் ஒரு மாதிரிக் கவிஞன் தெரியுமா, எவ்வளவோ சொல்ல இருக்கிறது என்று பேசிக்கொண்டே போகிறான். கடைசியில், நேரமாயிற்று, நீ கடையை அடைக்கப் பார்க்கிறாய், கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி என்று எழுந்துவிடுகிறான். சொல்ல வந்த கதையைச் சொல்லவே இல்லை. அவள் யார், என்ன நடந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. ஆனால் அத்தனையும் தெரிந்ததுபோல நெஞ்சு கனக்கிறது. ஆர்லனின் மெட்டு வழக்கமான அளவில் நிற்காமல் நீண்டு, பாதியில் சுருதி மாறிப் போகும். குடித்தவன் பேச்சு ஓரிடத்தில் நிற்காதில்லையா? சொல்லும் அதற்கேற்ப வழுக்கிக்கொண்டு போகிறது. இந்தப் பாட்டைச் சினாட்ரா பாட்டு என்றே ஊர் சொல்கிறது. சினாட்ரா பாடியது அற்புதம்தான். ஆனால் கதையைச் சொல்லாமல் விட வேண்டும் என்று முடிவு செய்தது சினாட்ரா இல்லை.

'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' பாட்டை ஒருநாள் காகிதத்தில் எழுதி முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தேன். மொத்தப் பாட்டும் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தில் காலம் விளையாடும் குழந்தைபோலப் புல்வெளி தாண்டி ஓடி ஒரு கதவருகே போய்ச் சேர்கிறது. இரண்டாவதில் இரவுக் காற்று பழைய சிரிப்பொன்றைக் கொண்டுவருகிறது. மூச்சு விட்டுப் பாட வேண்டிய இடமெல்லாம் வாக்கியத்தின் நடுவில் விழுகிறது; அதனால் கேட்பவனுக்கும் மூச்சு நிற்கிறது. இதைச் செய்ய மொழி எந்த அளவுக்குக் கைவசமாகியிருக்க வேண்டும்!

'லாரா'வின் கதை வேறு. படம் 1944இல் வந்தபோது டேவிட் ராக்சினின் மெட்டு மட்டும்தான் இருந்தது, சொல் இல்லை. மெட்டு மக்களுக்குப் பிடித்துப்போன பிறகு மெர்சர் எழுதினார். மெட்டு வளைந்து வளைந்து, எங்கே போகிறதென்று பிடிபடாமல் போகும். அதற்கு அவர் போட்டது ஒரு பெயரும், பிடிபடாமல் நழுவும் சில காட்சிகளும்: மங்கிய வெளிச்சத்தில் ஒரு முகம், கூடத்தில் கேட்கும் காலடி, கடந்துபோகும் ரயிலில் கணநேரம் தெரியும் ஒருத்தி. படம் பார்க்காதவர்களும் அந்தப் பெண்ணைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

எழுதியவர் எப்போதும் தனியே உட்கார்ந்து எழுதிவிடுவதும் இல்லை. 'புளூஸ் இன் த நைட்' எழுதியபோது மெர்சர் பக்கம் பக்கமாக வரிகள் எழுதி ஆர்லனிடம் கொண்டுபோனார். ஆர்லனுக்குத் தொடக்கம் பிடிக்கவில்லை. பின்பக்கங்களில் கிடந்த ஒரு வரியைக் கண்டு, இதை ஏன் தலையில் வைக்கக் கூடாது என்றார். அம்மா அப்பவே சொன்னாள் என்று தொடங்கும் அந்த வரிதான் இன்று அந்தப் பாட்டின் அடையாளம். எழுதியது ஒருவர் கை, இடம் கண்டது இன்னொருவர் கண். இரண்டு பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். பாடலாசிரியர் பெயரைப் போட்டுவிட்டு மெட்டுக்காரரை மறந்தாலும் அது இதே குற்றம்தான்.

இப்போது பாடகர் மெர்சருக்கு வருகிறேன். மற்றப் பாடலாசிரியர்களை விட்டுவிட்டு இவரை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான்.

1942இல் ஹாலிவுட்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த கிளென் வாலிக்ஸ், பாடலாசிரியரும் படத் தயாரிப்பாளருமான படி டிசில்வா, மெர்சர் ஆகிய மூவரும் சேர்ந்து கேப்பிட்டல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் மெர்சர். தொடங்கிய நேரம் மிக மோசமான நேரம். இசைத்தட்டுக்கான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் போக வேண்டும். போரில் அது தடைப்பட்டு, அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. அது போதாதென்று ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதற்குள் பதிவு செய்து வைத்திருந்த, பாடகி எல்லா மே மோர்ஸின் 'கௌ கௌ பூகி'யும், மெர்சரே பாடிய 'ஸ்ட்ரிப் போல்கா'வும்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. மறுவருடம் நாட் கிங் கோலின் மூவர் குழு சேர்ந்தது. ஒரு பாடலாசிரியர் தலைமையில் தொடங்கிய அந்தக் கம்பெனி பத்துப் பதினைந்து வருடத்தில் நாட்டின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது.

அவர் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய குரல் இல்லை. முன்பல் இடைவெளியோடு சிரிக்கும் ஒரு மனிதர், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோலப் பாடுவார். தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்பார். சொல்லைக் கடிக்காமல் உருட்டி விடுவார். வானொலியில் அவரைக் கேட்டவர்கள் கறுப்பினப் பாடகர் என்றே எண்ணியதுண்டு. 1945இல் அவர் பாடிய மூன்று தட்டுகள் பில்போர்ட் இதழின் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஒன்று என் மேசைமேல் இருப்பது. இன்னொன்று அட்ச்சிசன் ரயில் பாட்டு. நீராவி எஞ்சின் ஊருக்குள் வருவதைச் சொல்லாலேயே ஓட்டிக் காட்டியிருப்பார், மெட்டு ஹாரி வாரன். மூன்றாவது 'கேண்டி', ஜோ ஸ்டாஃபோர்டும் பைட் பைப்பர்ஸ் குழுவும் சேர்ந்து பாடியது. இந்த 'கேண்டி'யை மெர்சர் எழுதவில்லை. எழுதியவர்கள் மேக் டேவிட், ஜோன் விட்னி, அலெக்ஸ் கிரேமர் என்ற மூவர்.

உங்கள் செயலியில் ஜானி மெர்சர் என்று தட்டினால் 'கேண்டி' வரும். 'மூன் ரிவர்' ஆண்டி வில்லியம்ஸ் பக்கத்தில் இருக்கும், ஆட்ரி ஹெப்பர்ன் பக்கத்தில் இருக்கும், ஃபிராங்க் ஓஷன் பக்கத்தில் இருக்கும். அந்த மூன்று பக்கத்திலிருந்தும் எழுதியவரிடம் போக நேர்வழி கிடையாது. அவர் எழுதாத பாட்டு அவர் பெயரில் நிற்கிறது, எழுதிய பாட்டு ஊரார் பெயரில் நிற்கிறது. அவர் பெயரில் நிற்கும் 'கேண்டி'யிலோ, அதை எழுதிய மூவரைக் காணவில்லை. பாடலாசிரியரும் பாடகருமான ஒருவரை உங்கள் அமைப்பு பாதியாக அறுத்து, ஒரு பாதியைத்தான் வைத்திருக்கிறது. பாட்டு எழுத மட்டும் தெரிந்த ஆட்களுக்கோ உங்களிடம் பெரும்பாலும் பக்கமே கிடையாது.

திரையில் இடமில்லை என்பீர்கள். கறுப்புத் தாளை மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

தகவல் இல்லை என்பீர்கள். இதை நான் ஒப்ப மாட்டேன். ஒலிப்பதிவுக்கு ஒரு குறியீடு, பாட்டுக்கு ஒரு குறியீடு என்று தொழில் முழுவதும் இரண்டு அடையாள எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2018இல் வந்த இசைச் சட்டத்தின்படி அமைந்த உரிமத் தொகை வசூல் அமைப்பு 2021 முதல் இயங்குகிறது. எந்தப் பாட்டு யார் எழுதியது என்ற அதன் தரவுத்தளம் பொதுமக்களுக்கே திறந்து கிடக்கிறது. எழுதியவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ பணம் போய்ச் சேர வேண்டுமென்றால் இந்தப் பெயர்கள் கணக்கில் இருந்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர் திரைக்கு வர என்ன தடை?

ஆண்டும் அப்படித்தான். அதே 2018 சட்டம், 1923 முதல் 1946 வரை வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து நூறு ஆண்டு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 1945இல் வெளியான மெர்சரின் குரல் 2045 முடிய உரிமையாளர்களிடம் இருக்கும். அந்த உரிமையைக் கணக்கிடப் பழைய ஆண்டு வேண்டும். கேட்பவருக்குக் காட்டும்போது மட்டும் ஏன் புது ஆண்டு? ஒரு பாட்டு போர்க்காலத்தில் பாடப்பட்டதா, அமைதிக்காலத்தில் பாடப்பட்டதா என்று தெரியாமல் கேட்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டில் பாதி போய்விடுகிறது. உரிமை வைத்திருப்பவர்களே, இந்தத் தவறு உங்களிடமிருந்து வருகிறது. நீங்கள் அனுப்பும் கோப்பில் முதல் பதிவின் ஆண்டைச் சேர்த்து அனுப்பினால் செயலிக்காரர்கள் காட்டலாம்.

நேயர்கள் கேட்கவில்லை என்றும் சொல்வீர்கள். பெயரைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1957இல் ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனில் அழகுசாதனப் பொருள் விற்கும் வேலையில் இருந்த சேடி விம்மர்ஸ்டெட் என்ற பேரன் பேத்தி எடுத்த பெண்மணி மெர்சருக்கு ஒரு கடிதம் போட்டார். அவரை முன்பின் தெரியாது, முகவரியும் தெரியாது. பாடலாசிரியர் ஜானி மெர்சர், நியூயார்க் என்று மட்டும் உறையில் எழுதினார். அஞ்சல்காரர்கள் பாடலாசிரியர் சங்கத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அவர் கைக்குப் போனது. கடிதத்தில் இருந்தது ஒரே ஒரு யோசனை: உன் நெஞ்சை ஒருவர் உடைக்கும் நாளில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டு வந்தால் எப்படி இருக்கும்? மனைவியை விட்டுப் போன ஒரு பிரபலத்தைப் பற்றிப் படித்த கோபத்தில் தோன்றியதாம். மெர்சர் அதைப் பாட்டாக்கினார். சொல்லும் மெட்டும் அவரே. 'ஐ வான்னா பி அரவுண்ட்' என்ற அந்தப் பாட்டை டோனி பென்னட் பாடி 1963இல் பெரிய வெற்றி பெற்றது.

அந்தப் பாட்டின் ஆசிரியர் பெயர் இரண்டு. ஜானி மெர்சர், சேடி விம்மர்ஸ்டெட். ஒரு வரிக் கருத்தை அஞ்சலில் அனுப்பிய கடைக்காரப் பெண்ணின் பெயரை, நான்கு ஆஸ்கர் வாங்கிய மனிதர் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டார். வருமானத்திலும் பங்கு கொடுத்தார். கடிதத்துக்குப் பதில் போடாமல், கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்கு மனம் வரவில்லை. இன்று அதே பாட்டை உங்கள் திரையில் போட்டால் டோனி பென்னட் பெயர் மட்டும் தெரிகிறது. மெர்சர் மனமறிந்து சேர்த்த பெயரை நீங்கள் அவர் பெயரோடு சேர்த்து மறைத்திருக்கிறீர்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது.

பாடலாசிரியர்களுக்கும் மெட்டுக்காரர்களுக்கும் கௌரவம் வேண்டும் என்று 1969இல் பாடல் படைப்பாளர் கௌரவ மன்றத்தை வேறு இருவரோடு சேர்ந்து தொடங்கியவரும் அவர்தான். பாடகர்களுக்கு மேடையும் வெளிச்சமும் தானாக வரும், எழுதுகிறவர்களுக்கு யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் அல்லவா!

போன வசந்தத்தில் சவானாவுக்குப் போனேன். அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் கார். ஊருக்கு நடுவே எல்லிஸ் சதுக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. 2009இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது வைத்தது. தீயணைப்புக் குழாய்மேல் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பெண்கள் இருவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யார் இவர் என்று ஒருத்தி கேட்டாள். உள்ளூர்ப் பாடகரோ என்னவோ என்றாள் மற்றவள். நான் குறுக்கிட்டு, 'மூன் ரிவர்' தெரியுமா என்றேன். உடனே மெட்டை முணுமுணுத்தாள். எழுதியவர் இவர்தான் என்றேன். கைபேசியை எடுத்துப் பாட்டைத் தேடிப் போட்டாள், திரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். இதில் வேறு பெயர் போட்டிருக்கே என்றாள். அவள்மேல் தப்பில்லை.

ஊருக்கு வெளியே போனவென்ச்சர் கல்லறைத் தோட்டம். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்கும், பக்கத்தில் ஆறு. 1976 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அவர் கல்லில் 'அண்ட் த ஏஞ்சல்ஸ் சிங்', மனைவி ஜிஞ்சரின் கல்லில் 'யூ மஸ்ட் ஹேவ் பீன் எ பியூட்டிஃபுல் பேபி'. இரண்டும் அவர் எழுதிய பாட்டுகளின் தலைப்பு. ஊரை ஒட்டி ஓடும் ஒரு நீரோடைக்கு, 'மூன் ரிவர்' பாட்டு வந்த பிறகு, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பாட்டில் வரும் காட்டுப்பழ நண்பன் யார் என்று ஹாலிவுட்டில் பலர் யோசித்திருக்கலாம். இங்கே ஆற்றங்கரையில் சின்ன வயதில் பழம் பறித்துத் திரிந்த பையனின் நினைவு அது.

இந்த ஊருக்கு அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா கடனோடு இறந்தது 1940இல். சட்டப்படி அந்தக் கடன் மகனைச் சேராது. 1955இல் கேப்பிட்டல் நிறுவனம் பிரிட்டனின் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபோது மெர்சருக்குப் பெரும் பணம் வந்தது. அதிலிருந்து மூன்று லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிச் சவானாவுக்கு அனுப்பினார். அப்பாவை நம்பிப் பணம் போட்டு இழந்தவர்களுக்கு, இருபத்தெட்டு வருடம் கழித்து, பாக்கி திரும்பிப் போனது. கேட்டு யாரும் வரவில்லை, வழக்கும் இல்லை. அவருக்கு அது பாக்கியாகத் தெரிந்தது, கொடுத்தார்.

எழுதியவர் பெயரை முன்திரையில் போட வேண்டும் என்று உங்களையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவு. பாட்டு ஓடும்போது, பாடியவர் பெயருக்குக் கீழே, எதையும் தட்டாமலே தெரியும்படி ஒரு வரி: எழுதியவர், மெட்டமைத்தவர். பெயரைத் தட்டினால் அவர் எழுதிய பாட்டுகள் எல்லாம், யார் பாடியிருந்தாலும், ஒரே பக்கத்தில் வர வேண்டும். பழைய பதிவாக இருந்தால் முதன்முதலில் பாடிய ஆண்டு. காரில் போகிறவர்கள் திரையைப் பார்க்க முடியாது. குரலில் கேட்டால் உங்கள் கருவி பாடியவரோடு எழுதியவரையும் சேர்த்துச் சொல்லட்டும், எங்கள் வானொலி அறிவிப்பாளர்கள் சொன்னதுபோல.

இதை எல்லாப் பாட்டுக்கும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், எங்கே தொடங்குவது என்று நானே சொல்கிறேன். மெர்சரின் கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், அச்சேறாத தன்வரலாற்றுப் பக்கங்கள் எல்லாம் இங்கே அட்லாண்டாவில், ஜார்ஜியா அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் பெட்டி பெட்டியாக, பட்டியல் போட்டு இருக்கின்றன. எந்தப் பாட்டு எந்த வருடம், யார் மெட்டு என்பதில் சந்தேகமே வராது. ஆள் அனுப்புங்கள். நூலகத்துக்கு வழி காட்ட நான் வருகிறேன்.

அன்புடன்,
அட்லாண்டாவிலிருந்து ஒரு நேயர்